பள்ளம்தானே

"பள்ளம்தானே?"
இரவுப் பணி முடிந்து வந்து
கையுறையைக் கழற்றும் முன்பே கேட்பாள் கியெட்ரே.
கவுனஸ் நகரில் டிராலிபஸ் ஓட்டுகிறாள், பதினொரு வருடமாக.
பாலத்துக்கு இந்தப் பக்கம், மருந்துக்கடை வளைவில்
பின்சக்கரம் ஒருமுறை தூக்கிப் போட்டதாம்.
"பள்ளம்தானே ஆல்விதாஸ்? ஆள் இல்லையே?"

பள்ளம்தான் என்பேன்.
பார்லி சூப்பைக் கிளறிக்கொண்டே சொல்வேன்.
பல் துலக்கும்போது நுரையோடு சொல்வேன்.
விளக்கணைத்த பின் முதுகைக் காட்டிக்கொண்டு சொல்வேன்.
ஒரு ஜனவரி இரவு, மூக்கு உறையும் குளிரில்
டார்ச்சோடு போய் அந்த வளைவில் குனிந்து தேடினேன்.
பனியில் ஒரு கிழிந்த பால் அட்டை கிடந்தது.
போட்டோ எடுத்து வந்து காட்டினேன்.
விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இந்த மூலை மட்டும் ஏன் இருட்டாக இருக்கிறது?"

ஒருநாள் எண்ணினேன். நாற்பத்து மூன்று.
தீக்குச்சி மாதிரிதான் என் பதிலும்.
விரலைச் சுடுவதற்குள் அணைந்துவிடும்,
அடுத்ததை உரச வேண்டும்.

டாக்டர் உர்போனியெனேக்கு எப்போதும் சளி.
ஓசிடி என்றார், கைக்குட்டையை மடித்தபடி.
"நீங்கள் பொய் சொல்லவில்லை.
ஆனால் ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறீர்கள்."
மூவரும் சேர்ந்து ஒரு வாசகம் தேடினோம்.
எழுதியது கியெட்ரேதான், அவள் கையெழுத்தில்:
*உனக்குக் கஷ்டமாக இருப்பது தெரிகிறது.
இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.
பக்கத்தில் இருக்கிறேன்.*
குளிர்ப்பெட்டியில் ஒட்டினோம்.

முதல் இரவு, பாடம் ஒப்பிக்கும் பையனைப் போல
அதைச் சொன்னேன்.
செருப்பு பறந்து வந்தது.
"ஒரு வார்த்தை சொன்னால்
வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?"
அவள் தரையில் அமர்ந்திருந்தாள்,
நான் நாற்காலியின் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு.
பள்ளம்தான், பள்ளம்தான், பள்ளம்தான் என்று
பல்லுக்குப் பின்னால் முட்டியது.
மூன்று மணிக்கு அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள்.
வேறொன்றும் நடக்கவில்லை.

பிறகு கேள்வி வேஷம் மாற்றி வந்தது.
"இன்றைக்குச் செய்தியில் விசேஷம் ஒன்றுமில்லை, என்ன?"
"உன் முகத்தைப் பார்த்தால் நிம்மதியாகத் தெரிகிறது."
மகன் மார்கிரிஸிடம் சமையலறையில் குசுகுசுவென்று.
அவனுக்குப் பத்து வயது.
ரொட்டியை மென்றபடி
குளிர்ப்பெட்டியைச் சுட்டிக் காட்டினானாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
அந்த நாற்பத்து மூன்றில் பாதி
அவளுக்காக அல்ல,
நான் தூங்குவதற்காக.

அடுத்த முறை டாக்டரிடம் கேட்டேன்:
"நான் செய்வது சரிதானே?"
அவர் மூக்கைச் சிந்தினார். என்னையே பார்த்தார்.
கியெட்ரே சிரித்தாள்.
எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

மார்ச்சில் பனி உருகித் தெருவெல்லாம் பள்ளம்.
சந்தையிலிருந்து கேரட்டோடு ஏறினேன்,
தற்செயலாக அவள் வண்டி.
மருந்துக்கடை வளைவில் ஒரு குலுக்கல்.
மேலே கம்பியிலிருந்து கோல்கள் நழுவின,
விளக்குகள் அணைந்தன, ஒரு குழந்தை வீரிட்டது.
ஆரஞ்சுச் சட்டையோடு இறங்கிப் பின்னால் வந்தாள்.
கயிற்றை இழுத்தாள்.
ஒரு கோல் பொருந்தியது, பிறகு மற்றது.
திரும்பும்போது பின்சக்கரத்தருகே நின்றாள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
என் கழுத்தே அவளுக்காகக் குனியப் பார்த்தது.
அவள் குனியவில்லை.
ஏறி அமர்ந்து, கண்ணாடியில் என்னைத் தேடினாள்.
நான் கேரட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு கையுறையைக் கழற்றியபடி
"பள்ளம்" என்றாள்.
'தானே' இல்லை.
சூப்பைக் கிளறினேன்.
வெகுநேரம் கழித்து அவளே சேர்த்துக்கொண்டாள்:
"இருக்கலாம்."

வியாழக்கிழமை மறுபடியும் கேட்டாள், இரண்டு முறை.
காகிதம் அங்கேயேதான் இருக்கிறது,
ஒரு மூலையில் சூப் கறையோடு.